புத்தகத்தில் மூன்றாவது பெயர்

வாங்கின அன்றே விளங்கிவிட்டது:
இதை ஓடினவர் என்னைவிட ஒரு சாண் உயரம்.
நுனிக்கால் மட்டும் நிலத்தில் முட்ட
கந்தோர் வாசலில் சரிந்தேன்.
சுண்ணாம்புக் கல்லில் மோதி சிக்னல் லைற் போனது.
லோகேந்திரம் கராச்சிலிருந்து எட்டிப் பார்த்து
“மிஸ், ஒரு ஸ்கூட்டி எடுத்திருக்கலாம்” என்றார்.

ஸ்கூட்டி குடத்தனை மட்டும் வரும்.
அதற்கு அங்காலே மணல்.
மணலுக்கு அங்காலே மாடு.
மாட்டுக்குத் தவணை சொல்ல ஏலாது.
விடியக் கத்தினால் பின்னேரத்துக்குள்
நைதரசன் குடுவையோடு நான் போய் நிற்கவேண்டும்.

ஆகவே கழற்றத் தொடங்கினேன்.

சீற்றின் தோலை உரித்து
பாண் வெட்டும் கத்தியால்
இரண்டு விரல் ஸ்பொஞ்சை அரிந்தேன்.
அவர் இருந்த பள்ளம் அதில் இருந்தது,
வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக.
முன் ஃபோர்க்கை இளக்கி மேலே தள்ளினேன்.
வடித்த ஒயில் கறுப்பு, மீன் கழுவின தண்ணி மணம்.
கியர் மிதி சப்பாத்துக் காலுக்கு வளைந்திருந்தது;
செருப்புக் காலுக்குத் தட்டி இறக்கினேன்.
கண்ணாடி இரண்டும் வானத்தைப் பார்த்தன.
அவற்றையும்.

எயர் ஃபில்டருக்குள் மதவாச்சிச் செம்மண்.
மண்ணெண்ணெயில் மூன்று தரம் அலசினேன்.
மூன்றாம் தரமும் வாளி சிவந்தது.
எந்தக் குளக்கட்டில் ஓடினாரோ,
எந்த யானையைக் கண்டு திருப்பினாரோ.
புத்தகத்தில் முதற் பெயர் ஒரு கொம்பனி.
இரண்டாவதை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: பியதிலக.
விற்றவன் மருமகன்.
கேட்டதற்கு, “மாமா இப்ப ஓடுற இல்ல” என்று
காசை இரண்டாந்தரம் எண்ணினான்.

இந்தக் கரையில் எல்லாவற்றையும் உப்புத் தின்னும்.
ஒருநாள் கழுவாமல் விட்டேன்,
விடிய செயின் பனங்கட்டி நிறம்.
நல்ல தண்ணி, பழந்துணி, பிறகு ஒயில்.
இரவு எவ்வளவு பிந்தினாலும்.
மணலுக்குக் காற்றைக் குறைக்கவேண்டும்;
குறைத்தால் ரியூப் வழுகி வால்வு சரியும்;
சரிந்த வால்வு ஒருநாள் பிய்யும்
என்று லோகேந்திரம் சொன்னார்.
நாகர்கோவிலுக்கும் மணற்காட்டுக்கும் நடுவில் பிய்ந்தது.
குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தேன்.
அந்த மாடு அந்த மாதம் சினைப்படவில்லை.

கடைசிக்கு விட்டது கிளச்.
பிடியை வாளால் அரைவாசிக்கு அறுத்து
நுனியை அரத்தால் உருட்டியிருந்தார்.
கேபிள் வேறேதோ சைக்கிளினது.
இழுத்தால், வெந்த பயற்றங்காய் மாதிரி, அவ்வளவு லேசு.
“ஆரோ கெடுத்து வச்சிருக்கிறாங்கள்.
புதுசு போடுவம்.”
சம்பளம் வரட்டும் என்றேன்.

அந்தக் கிழமை செம்பியன்பற்றில்
ஒரே பின்னேரம் நாலு.
நாலாவது, சிவரூபியின் நாகு,
முதல் தரம், பயம்,
என் இடக்கையைத் தோள்மூட்டு வரை வாங்கி
கால் மணித்தியாலம் நெரித்து வைத்திருந்தது.
வெளியே எடுத்தபோது அது என் கையே இல்லை.
சிவரூபி தந்த தேத்தண்ணியை வலக்கையால் வாங்கினேன்.
இருட்டுப் பட்டுவிட்டது.
மணலில் கிளச் இல்லாமல் ஒரு முழம் போகேலாது.
செத்த விரல்கள் இரண்டைத் தூக்கி
அந்தக் கட்டைப் பிடியின் மேல் போட்டேன்.

வந்தது.

சவுக்குத் தோப்பு தாண்டும்போதுதான் யோசித்தேன்,
அவருக்கும் இடக்கை.
வெடியோ, மரம் அரியும் வாளோ, பிறவியோ.
இவ்வளவு நாளும் அந்த மனிசனின் உயரத்தை
சாவியால் கழற்றிக்கொண்டிருந்தேன்;
கையை ஒருதரமும் பார்க்கவில்லை.

“சம்பளம் வந்திட்டுதோ மிஸ்?”
வந்தது.
அதில் முன் ஸ்ப்ரொக்கெட் ஒன்று வாங்கினேன்,
மணலுக்கு ஒரு பல்லுக் குறைத்து.